நூற்றொன்று புள்ளி இரண்டு

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காத அந்த மனிதருக்கு ‘டிகிரி’ என்ற பெயரை வாங்கிக்கொடுத்தது குளிர்கிடங்கு. பட்டாணியும் மீனும் உறைந்து கிடக்கும் ஒன்பது அறைகளுக்குள் மணிக்கொரு தரம் நுழைந்து, சுவர் வெப்பமானியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதவேண்டும். இருபத்திரண்டு வருடமாக அவருக்கு அதுதான் பிழைப்பு. அவர் மனைவிக்கும் அதே கிடங்கு, அதே வேலை. அவர் காலை முறை, அந்த அம்மாள் மதிய முறை. ஒருவர் செருப்பைக் கழற்றும்போது மற்றவர் மாட்டிக்கொண்டிருப்பார். வருடம் முழுக்க அவர்கள் முகம் பார்த்துப் பேசியதையெல்லாம் ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். அதிலும் பாதி, “சாவி எங்க?”

இந்த லட்சணத்தில்தான் அவர்கள் வளர்த்த பெண் நாய் சீமாட்டி, கீழ்வீட்டுத் தையல்காரரின் நாயிடம் மனதைப் பறிகொடுத்து வயிற்றை வாங்கிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து தையல்காரர் டிகிரியைச் ‘சம்பந்தி’ என்றுதான் கூப்பிட்டார். வெட்டி மிஞ்சிய துணிகளையெல்லாம் மூட்டை கட்டி, “எங்க மருமக படுக்கறதுக்கு” என்று சீர் கொண்டுவருவதுபோல் கொண்டுவந்து இறக்கினார்.

தெருக்கோடி நாய்-பூனை மருத்துவமனை டாக்டரம்மா ஆயுளில் ஒரு மாட்டையும் தொட்டதில்லை. ஆனாலும் தெருவுக்கு அவர் மாட்டு டாக்டர்தான். அவர் சீமாட்டியின் வயிற்றைத் தடவிவிட்டுச் சிரிக்காமல் சொன்னார்.

“வயசு ஏழாச்சு. இதுதான் தலைச்சன். ஜாக்கிரதையா இருக்கணும். மூணு வேளையும் சூடு பாத்து எழுதுங்க. நூத்தொண்ணுல இருக்கறது திடீர்னு தொண்ணூத்தெட்டுக்கு இறங்கும். அப்புறம் தானா ஏறிடும். இறங்கின நேரத்துல இருந்து ஒரு நாளைக்குள்ள குட்டி வெளிய வரணும். தாண்டிட்டா தாயும் இல்ல, பிள்ளையும் இல்ல. அந்த நேரத்தை மட்டும் கோட்டை விட்டுடாதீங்க.”

“எங்ககிட்டயா சொல்றீங்க?” என்று டிகிரி மார்பை நிமிர்த்தினார். “எங்க ரெண்டு பேருக்கும் இதுதானே தொழிலே!”

அங்கேதான் வினை. கால் ஓய்ந்துபோன நாளில், ஒன்பதாவது அறைவரை நடக்கத் தெம்பில்லாதபோது, மேல்வரியைப் பார்த்து அதற்குக் கீழே இரண்டு சின்னக் கோடு இழுத்துவிடுவது கிடங்கின் வழக்கம். மேலே கண்டபடி என்று அர்த்தம். பட்டாணி யாரிடம் போய்ப் புகார் சொல்லும்?

காலையும் சாயங்காலமும் டிகிரி, மத்தியானம் மனைவி என்று முதல் வாரம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் சீமாட்டிக்கு வெப்பமானியைக் கண்டாலே ஆகவில்லை. வைக்கவேண்டிய இடம் அப்படி. கட்டிலுக்கடியில் நுழைந்துகொள்வாள். அவளை வெளியே இழுப்பது தேரை இழுப்பதைவிடக் கஷ்டம். எட்டு மணி நேரம் பனியில் நின்றுவிட்டு வந்த டிகிரிக்கு அப்போது தன் கையே இரவல் கைபோல் கனக்கும். தேநீர்க் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகும் வழியிலேயே இரண்டு தூக்கம் தூங்கி எழுகிற நிலை. அப்படி ஒரு சாயங்காலம், குளிர்ப்பெட்டிமேல் ஒட்டியிருந்த தாளில் மனைவி எழுதிய நூற்றொன்று புள்ளி இரண்டுக்குக் கீழே அவர் பேனா தன்பாட்டுக்கு இரண்டு கோடு இழுத்தது. மனசு கொஞ்சம் குத்தத்தான் செய்தது. மத்தியானம் பொண்டாட்டி பார்ப்பாளே என்று தேற்றிக்கொண்டார்.

மூன்றாம் நாள் பிற்பகல் அவர் வீடு திரும்பியபோது, வேலைக்குப் போயிருக்கவேண்டிய மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சீமாட்டியின் தலை. நாய்க்கு நடுக்கம், நாக்கு ஒரு முழம் தொங்கியது. பக்கத்தில் தையல்காரர், அளவு நாடா கழுத்தில் தொங்க, தலைப்பிள்ளைக்காரியின் மாமனார்போல் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“எவ்ளோ நேரமாம்மா இப்படி?”

“ஒரு மணில இருந்துங்க. சூடு பாத்தேன், நூத்தொண்ணு இருக்கு. இறங்கி ஏறிடுச்சா, இனிமேதான் இறங்குமா, ஒண்ணும் புரியல.”

டாக்டரம்மாவைக் கைபேசியில் பிடித்து, சத்தமாக வைத்தாள்.

“எப்ப இறங்கிச்சு?” அதுதான் முதல் கேள்வி.

மனைவி தாளைப் பார்த்தாள். “மூணு நாளா நூத்தொண்ணு புள்ளி ரெண்டுங்க, டாக்டர்.”

“ஒரு புள்ளிகூட மாறலையா? நீங்க வளக்கறது நாயா, சுவரா?”

டிகிரி எட்டித் தாளில் தன் கோடுகளைப் பார்த்தார். பொய் சொன்னால் டாக்டரம்மா ‘இன்னும் நேரம் இருக்கு’ என்று சொல்லிவிடுவார்; அந்த நேரம் இல்லாமலும் போயிருக்கலாம்.

“நான் பாக்கல டாக்டர்” என்றார். “சாயங்காலமும் பாக்கல, காலைலயும் பாக்கல. உடம்பு முடியாம மேல இருந்ததையே போட்டுட்டேன். ஆனா மத்தியானம் இவ பாத்திருக்கா.”

மனைவி தலை குனிந்தாள். “நீங்க ரெண்டு வேளை பாக்கறீங்களேன்னு… நானும் கோடுதாங்க போட்டேன்.”

“அடப்பாவிங்களா!” என்றார் தையல்காரர். “சட்டைக்கு அளவு எடுக்காம நான் வெட்டியிருந்தா ஊரே என்னை வெட்டியிருக்கும்!”

“சண்டையை அப்புறம் வச்சுக்குங்க” என்றது கைபேசி. “பச்சைத் தண்ணி ஏதாவது வெளிய வந்துச்சா? வந்திருந்தா ஆபத்து.”

இந்த முறை டிகிரி வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். “இல்ல. ஆனா முக்க ஆரம்பிச்சிருக்கா.”

“மணியைப் பாருங்க. அரை மணிக்குள்ள குட்டி வரலேன்னா அப்படியே தூக்கிட்டு ஓடி வாங்க. நான் போன்லயே இருக்கேன்.”

அந்த அரை மணி நேரம் ஆறு மாதமாக நீண்டது. டிகிரியின் இமைகள் கிடங்கின் இரும்புக் கதவுகள்போல் இறங்கின. இறங்கும்போதெல்லாம் மனைவி கிள்ளினாள். அவள் சாய்ந்தபோது அவர் கிள்ளினார். கல்யாணமான புதிதில்கூட இத்தனை கிள்ளல் இல்லை. தையல்காரர் போர்வையை விரித்துப் பிடித்து, வாசலுக்கு ஓடத் தயாராக நின்றார்.

இருபத்தாறாவது நிமிடம் இரண்டு பின்னங்கால்கள் தெரிந்தன. அதோடு நின்றுவிட்டது.

“துணியால பிடிச்சு, அவ முக்கும்போது மட்டும் கீழ்வாக்குல மெதுவா இழுங்க” என்றார் டாக்டரம்மா.

டிகிரி கையைத் தொடைகளுக்கிடையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு பிடித்தார். ஒரு முக்கல். இன்னொன்று. வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது ஒரு குட்டி. அசைவில்லை. மனைவி குட்டியை மூடியிருந்த சவ்வுப் பையைக் கிழித்து மூக்கைத் துடைத்தாள். அவர் துண்டால் தேய்த்தார், தேய்த்தார், தோல் கையோடு வந்துவிடுமோ என்று பயப்படும்வரை தேய்த்தார். ‘கீச்’ என்றது. அந்தச் சத்தத்துக்கு மூன்று தெரு திரும்பிப் பார்த்திருக்கும் என்று தையல்காரர் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்.

அப்புறம் வந்தவையெல்லாம் சந்தைக்குப் போகிற அவசரத்தில் வந்தன.

“மூக்கைப் பாருங்க சம்பந்தி, அப்படியே எங்க வீட்டு மூக்கு!”

“வாலும் உங்க வீட்டுதுதான். அதான் நிமிரவே மாட்டேங்குது.”

வெயில் சாய்கிற நேரத்தில் சீமாட்டியின் நடுக்கம் நின்றது. எல்லாவற்றையும் நக்கி முடித்துத் தலையைக் கீழே போட்டாள்.

“மொத்தம் எத்தனை? தாய் எப்படி இருக்கா?” என்று கேட்டது கைபேசி.

“ஆறு…” என்று தையல்காரர் ஆரம்பித்தார். டிகிரி கையைக் காட்டி நிறுத்தினார்.

“இருங்க டாக்டர், பாத்துட்டுச் சொல்றேன்.”

மண்டியிட்டுக் குனிந்து, ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதன் முதுகில் விரல் நின்றது. நின்ற இடத்திலேயே, நெற்றி சீமாட்டியின் விலாவில் முட்ட, குறட்டை கிளம்பியது.

“ஹலோ? ஹலோ?”

மனைவி கைபேசியை எடுத்துக்கொண்டாள். அவர் விரலைத் தள்ளிவிட்டு முதலிலிருந்து எண்ணினாள். நாயின் வயிற்றில் உள்ளங்கையை வைத்து, அது ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏழு, டாக்டர்” என்றாள். “தாய் மூச்சு விடறா. நானே தொட்டுப் பாத்தேன்.”