இருசம்மாளுக்கு இரங்கல் கூட்டம்

இருசம்மாளை என் வீட்டுக்காரர்தான் கொன்றார். மூன்றாம் பக்கத்தில், கறுப்புக் கட்டம் போட்டு, நான்கே வரியில்.

அவர் பெயர் தில்லைநாதன். கடலூரில் பதினெட்டு வருடமாக 'உப்பனாறு' என்ற காலாண்டிதழை நடத்துகிறார். ஆசிரியர் அவர், பிழை திருத்துபவர் அவர், அட்டைப் படம் தேர்ந்தெடுப்பவரும் அவரே. முகவரி எழுதி, தபால்தலை ஒட்டி, தபாலாபீசுக்குத் தூக்கிக்கொண்டு போவது மட்டும் நான். என் பெயரை ஏன் இதழில் போடுவதில்லை என்று கேட்டால், "நீதான் புஷ்பா இதழோட ஆன்மா" என்பார். ஆன்மாவுக்குத் தோள்பட்டை வலிக்கும் என்பது அவருக்குத் தெரியாது.

எழுத்தாளரும்கூட. இரண்டு நாவல்கள் போட்டிருக்கிறார். அவர் நாவலில் ஒரு பெண் தண்ணீர் குடிக்க ஒன்றரைப் பக்கம் ஆகும். அதற்குள் படிக்கிறவர் தாகம் எடுத்து எழுந்து போய்விடுவார். பிரதிகளில் முக்கால்வாசி எங்கள் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன.

மூன்றாவது இதழுக்கு ஒரு வாசகர் கடிதம்கூட வரவில்லை. பக்கத்தைக் காலியாக விட மனமில்லாமல் இவரே உட்கார்ந்து எழுதினார். கீழே 'இருசம்மாள், காடாம்புலியூர்' என்று போட்டார். அப்படி ஒரு பெண்மணி உலகத்திலேயே கிடையாது. 'பலாப்பழம் அரிந்த கையோடு எழுதுகிறேன், காகிதம் ஒட்டினால் கோபித்துக்கொள்ள வேண்டாம்' என்று ஆரம்பித்தது அந்தக் கடிதம். 'போன இதழ்க் கதையில் மாமியார் செத்ததும் மருமகள் மயங்கி விழுகிறாள். நான் முதலில் பீரோ சாவியைத்தான் தேடினேன்' என்று தொடர்ந்தது. கடைசி வரியில் மட்டும், ஆசிரியரின் நடை அருமை என்று மறக்காமல் சேர்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எல்லா இதழிலும் இருசம்மாள் எழுதினாள். முந்திரிக்கொட்டை பொறுக்கப் போனது, மகன் துபாய் போனது, மருமகளோடு போட்ட சண்டை என்று எல்லாம் வந்தது. இதழ் கைக்கு வந்ததும் வாசகர்கள் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டினார்கள். உண்மை தெரிந்த நானே அடுத்த கடிதத்துக்குக் காத்திருந்தேன்.

இந்த வருடம் சிதம்பரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் அருள்முருகன் போன் செய்தார். அங்கே உப்பனாறு வாசகர் வட்டத்தை நடத்துபவர் அவர்.

"சார், அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கெழமைக்கு வேன் பேசிட்டோம். இருசம்மாள் அம்மாவ நேர்ல பாத்து சால்வ போடப்போறோம். அட்ரஸ் குடுங்க."

அந்தம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று இவர் சமாளித்தார்.

"அப்ப மருந்தோட வரோம் சார்."

வேறு வழியில்லாமல், அச்சுக்குப் போகவிருந்த இதழிலேயே சாகடித்துவிட்டார். இதழ் போன மறுவாரமே திரும்பவும் போன். சிதம்பரத்தில் இரங்கல் கூட்டமாம், தலைமை இவராம்.

கீழவீதி மாடி ஹாலில் அறுபது பேர். இவருடைய இரண்டாவது நாவல் வெளியீட்டுக்கு டீ கொண்டுவந்தவரையும் சேர்த்துப் பதினோரு பேர்தான். போட்டோ இல்லாததால் ஒரு கடிதத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலை போட்டிருந்தார்கள். தான் எழுதிய கடிதத்துக்குத் தானே எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தினார் என் கணவர். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் இளமதி என்ற டீச்சர் பேசினார்.

"எங்க வூட்டுக்காரரு போனப்ப அவரு சட்டையெல்லாம் என்ன பண்றதுன்னு தெரியாம ஆறு மாசம் கெடந்தேங்க. 'ஒண்ண மட்டும் தலகாணி ஒறையா தச்சிக்கிட்டேன், மீதியக் குடுத்துட்டேன்'னு அந்தம்மா எழுதியிருந்தாங்க. நானும் அப்படித்தான் செஞ்சேன். இன்னும் அதுலதான் தல வச்சிப் படுக்கறேன்."

அவர் அழுதார். ஹாலே அழுதது. இவர் எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"அதையெல்லாம் எழுதுனது நான்தாங்க. இருசம்மாள்னு யாருமே கெடையாது."

வெட்கம் தாங்காமல் சொன்னதாகப் பிறகு சொன்னார். பாதி வெட்கம், பாதி ஆசை என்பது எனக்குத் தெரியும். தன் எழுத்துக்கு ஒருவர் அழுவதை அவர் அன்றுதான் பார்த்தார். அது தன்னுடையது என்று ஒரே ஒரு தடவை சொல்லிக்கொள்ள நினைத்தார்.

"துக்கத்துல பேசறீங்க சார், உக்காருங்க" என்றார் அருள்முருகன். "செத்தவங்க எழுத்தப்போயி தன்னுதுங்கறாரே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னார்:

"தப்பா எடுத்துக்காதீங்க சார். ஒங்க ரெண்டு நாவலையும் நான் முழுசாப் படிச்சிருக்கேன். ஒங்களால இப்படி எழுத முடியாது."

நான் எழுந்தேன். "அவர்தாங்க எழுதினாரு. கூடவே இருந்து பாத்தவ சொல்றேன்."

"வூட்டுக்காரர விட்டுக்குடுக்கறாங்களா பாரு" என்று என்னைப் பாராட்டினார்கள்.

திரும்பும் பஸ்ஸில் புதுச்சத்திரம் வந்ததும் நான்தான் ஆரம்பித்தேன்.

"ஏங்க, அடுத்த நாவல அந்தம்மா மாதிரியே எழுதுங்களேன்."

"எப்படி எழுதறது புஷ்பா?" என்றார். கண் கலங்கியிருந்தது. "அவுங்கதான் போயிட்டாங்களே."

கேலியாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கூட்டத்தில் அறுபது பேர் அழுதபோது எனக்கு வராத அழுகை, ஆலப்பாக்கம் தாண்டும்போது வந்தது.