ஏனாத்தூரை ஆட்டிவிட்ட வாக்கியம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஏனாத்தூரில் நிலநடுக்கம் எதுவும் வரவில்லை. நான்தான் வரவழைத்தேன். வேறெங்கோ பூமி குலுங்கி, சின்ன விவசாயிகள் நிலமும் கிணறும் பாழாகி நின்ற செய்தியைப் பேருந்தில் படித்துக்கொண்டே காஞ்சிபுரம் வந்து இறங்கினேன். இங்கே, பக்கத்து ஏனாத்தூரில் நடந்தால் யார் உதவிக்கு வருவார்கள் என்று தோன்றியது. தோன்றியதோடு விட்டிருக்கலாம். வீட்டுக்குப் போய், "விடியும் நேரத்தில் ஏனாத்தூர் ஒரு தரம் ஆடி நின்றது" என்று எழுதிவிட்டேன்.

யாரையும் சாகடிக்க மனம் வரவில்லை. (கதை எழுதுகிறவனுக்கும் கொஞ்சம் ஈரம் இருக்கும்.) ஏரியிலிருந்து வயலுக்கு வரும் கால்வாயின் நடுவே தரையை மட்டும் மேடாகத் தூக்கிவிட்டேன். அதைத் தாண்டித் தண்ணீர் வராது.

அந்தக் கால்வாயின் கடைசியில் இருப்பது மரியம்மாளின் அரை ஏக்கர். காலங்காலமாக அடுத்தவர் வயலில் நட்டுக் களையெடுத்த குடும்பம். அதில் முதன்முதலாகப் பட்டாவில் ஏறிய பெயர் அவளுடையது.

2

அவளை அறிமுகம் செய்ய எழுதிய வரிகள்:

"வெடித்த வரப்பில் அமர்ந்து மரியம்மாள் வானத்தைப் பார்த்து —" [அடித்தாயிற்று.]

"அவள் கன்னத்தில் கண்ணீர் —" [இதையும்.]

அவள் உட்காரவே மறுக்கிறாள். நாற்றங்காலுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் சுமக்கிறாள். நாற்றங்காலுக்குக் குடம் போதும், வயலுக்குப் போதாது. நாற்று முற்றித் தண்டில் கணு வைத்துவிட்டால் நடவுக்கு ஆகாது. இந்தப் போகம் போனால் பழையபடி அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குத்தான் நடக்க வேண்டும். அவளுக்கு இருக்கிற பயமெல்லாம் அது ஒன்றுதான்.

நான் சும்மா இருப்பேனா? உதவிக் குழு ஒன்றை ஜீப்பில் ஏற்றி அனுப்பினேன். அவர்கள் தையல் மெஷின் கொண்டுவந்து இறக்கினார்கள்.

"இத வச்சி நாத்தத் தைக்கிறதா?" என்றவள், ஜீப்பைத் தாண்டி என்னைப் பார்த்தாள். "இன்னா சார், ஆட்டிவிட்டது நீங்க. மெஷினக் குடுத்துட்டு நழுவலாம்னு பாக்குறீங்களா?"

"எல்லாம் கனவு என்று ஒரு வரி எழுதிவிடட்டுமா?"

"எழுதுவீங்க. நான் சுமந்த கொடமும் கனவா?"

அந்த வரியை எழுதாமலே பேனாவை மூடினேன்.

3

வழி காட்டியவன் நானில்லை, உமாபதி. பெரிய காஞ்சிபுரத்து நெசவாளி. அவன் தெருவில் பட்டுப் பாவுக்கு, அதாவது தறியில் ஏற்றும் நீள நூலுக்கு, போடும் கஞ்சி மரியம்மாள் அரிசியில் காய்ச்சுவது. அரிசி கேட்டு வந்தவன் குடத்தைப் பார்த்தான், மேட்டைப் பார்த்தான், வந்த வழியே திரும்பிப் போய்விட்டான். (நானும் அவனைச் சந்தேகப்பட்டேன். எழுதியவனே சந்தேகப்பட்டால் எப்படி?)

மறுநாள் காலை கடப்பாரையும் மண்வெட்டியுமாக அவன் தெருவே வந்து நின்றது.

"நான் கூப்பிடவே இல்லியேண்ணே," என்றாள் மரியம்மாள். "இத்தினி பேருக்குக் கூலிக்கு எங்க போவேன்?"

"தெருவுல பாவு நீட்டுனா யார் கூப்புட்டு வராங்க? பாக்கறவன் ஒரு முனையப் புடிப்பான். அவ்ளோதாம்மா."

மேட்டைச் சுற்றிப் புதுக் கால்வாய். குச்சி நட்டு, கயிறு இழுத்து, கண்ணாலேயே மட்டம் பார்த்து வெட்டினார்கள்.*

* பாவு எங்கேயும் தொய்யக் கூடாது. தொய்ந்தால் சேலை கெட்டது. கைப்பழக்கம் லேசில் விடுமா?

கால்வாயும் அப்படியே அமைந்தது. இந்த முனையிலும் அந்த முனையிலும் ஒரே மட்டம், பார்க்க அத்தனை அழகு. ஏரித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். அது பாதி தூரம் வந்து சொகுசாகப் படுத்துக்கொண்டது.

மரியம்மாள் சிரித்தாள். பூமி ஆடிய பிறகு இந்தக் கதையில் ஒருவர் சிரித்தது அப்போதுதான். "அண்ணே, இது பாவு இல்லண்ணே! மட்டமா இருந்தா தண்ணி எதுக்கு நடக்கும்? எங்க பக்கம் சாயணும்!"

உமாபதியும் சிரித்துவிட்டான். "சரிங்க மேஸ்திரி, எங்க வெட்டணும் சொல்லுங்க," என்று துண்டைத் தலையில் கட்டினான். அவள் கயிற்றின் கடைசி முனையை இறக்கிக் கட்டினாள். அங்கே இங்கே என்று கைகாட்டி எல்லோரையும் வேலை வாங்கினாள். இத்தனை வருஷம் மற்றவர் கைகாட்டிய இடத்தில் வெட்டியவள் அவள். எழுதும்போதே எனக்கு மனம் பூரித்துப் போயிற்று.

4

முடிவுகள்:

அ) அமோக விளைச்சல். [இன்னும் நடவே ஆகவில்லை, பறக்கிறேன்.]

ஆ) மேடை போட்டு, மாலை போட்டு, பெரிய மனிதர்கள் — [இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? அடித்தாயிற்று.]

இ) தண்ணீர் மரியம்மாளின் வயல் வாசலுக்கு வந்துவிட்டது. மடையை அடைத்திருக்கும் மண் மட்டுமே பாக்கி. சேறடிக்க டிராக்டர் வரப்போரம் உறுமிக்கொண்டிருக்கிறது. நாற்று கணு வைக்கவில்லை. கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தேன்.

"நீங்க வேணாம் சார்," என்று பிடுங்கிக்கொண்டாள். "ஆட்டிவிட்ட கை. அதோ, இம்மாம் நேரமா பாத்துக்கினே இருக்காங்களே, அவங்க ஒரு கை புடிக்கட்டும்."

யாரைச் சொல்கிறாள் என்று திரும்பினேன். இதைப் படித்துக்கொண்டிருக்கிற உங்களைத்தான். மண்வெட்டியை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குங்கள், ஒரு வெட்டு போதும்.