அலாஸ்காவில் பெண் பார்த்தது

கப்பல் சியாட்டிலை விட்டுக் கிளம்பிய இரண்டாம் நாள், வலது பக்கம் முழுக்கப் பனி மூடிய மலைகளாக வந்துகொண்டிருந்தன. ராமசுப்ரமணியன் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைத் தொடாமலே அவற்றை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பரவாயில்ல சார், ஆனா நார்வே அளவுக்கு இல்ல" என்றார். அலாஸ்காவே அவரிடம் இன்டர்வியூவுக்கு வந்து நிற்கிற மாதிரி. நாற்பத்தோரு நாடு பார்த்த மனிதர். எல்லா நாட்டிலும் இதையேதான் சொல்லியிருப்பார்.

அவர் மனைவி ராஜலக்ஷ்மி கடல் பக்கம் திரும்பவே இல்லை. பஃபேயில் எதில் முட்டை போட்டிருக்கிறது என்று ஒவ்வொரு சமையல்காரராக நிறுத்தி விசாரணை நடத்திவிட்டு, கடைசியில் வெறும் சாதத்தை வாங்கி, கைப்பையிலிருந்து ஜிப்லாக் கவரில் பருப்புப்பொடி எடுத்தாள். மகன் கிரீஷுக்கு முப்பத்துமூன்று வயது. திமிங்கிலம் எழும்பியபோது அதற்கு முதுகைக் காட்டி நின்று தன்னைத்தானே வீடியோ எடுத்துக்கொண்டான். திமிங்கிலம் போன பிறகு, வீடியோவில் தன் தலைமுடி சரியாக விழவில்லை என்று முகம் வாடினான்.

இந்த மூவரும் அமெரிக்காவின் மறுகோடியில் இருக்கும் பிஸ்கட்டவேயிலிருந்து இவ்வளவு தூரம் வந்தது என் மகள் மானஸாவைப் பெண் பார்க்க. அது மானஸாவுக்குத் தெரியாது.

பிப்ரவரியில் ஒரு கூட்டம் லிவர்மோரில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்து கேசரியைத் தின்றது. மாப்பிள்ளைப் பையனின் பெரியப்பா அவளைக் கொஞ்சம் நடந்து காட்டச் சொன்னார். சான்டா கிளாராவில் பதினாறு பேரை வைத்து வேலை வாங்குகிறவள், எனக்காக ஹாலில் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை நடந்தாள். அவர்கள் போனதும், "போதும்பா. இனிமே யார் முன்னாடியும் என்னை உட்கார வைக்காதீங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் கையைப் பிடித்து, "சத்தியமா இனிமே கிடையாது" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஏப்ரலில் என் மனைவி ஹம்சா இந்த யோசனையோடு வந்தாள். லிவர்மோர் கோயிலில் யாரோ ஜாதகம் கொடுத்திருந்தார்கள். எட்டுப் பொருத்தம். "சோபா கிடையாது, கேசரி கிடையாது. Casual-ஆ கப்பல்ல மீட் பண்ணிப்பாங்க. பிடிச்சா சரி, பிடிக்கலேன்னா அவளுக்குத் தெரியவே வேண்டாம்" என்றாள். நான் தலையாட்டினேன். லீவ் போட்டேன். அலாஸ்கா போகலாமா என்று மானஸாவிடம் கேட்டபோது அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். ஹைஸ்கூலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த ஊர்.

முதல் ராத்திரி டின்னரில், எட்டுப் பேர் மேஜைக்கு இந்த மூவரும் வந்து சேர்ந்தார்கள். "அட, தமிழா? What a coincidence!" என்று ராமசுப்ரமணியன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பள்ளிக்கூட ஆண்டு விழாவில்கூட அப்படி ஒரு நடிப்பை யாரும் பார்த்திருக்க முடியாது. மானஸா புத்திசாலி. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் கொடுத்த வாக்கு அவளைச் சந்தேகப்பட விடவில்லை.

மூன்றாம் நாள் ஜூனோவில், காபி மிஷின் பக்கத்தில் ராமசுப்ரமணியன் என் தோளில் கை போட்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணு தங்கம். ஆனா கிரீஷை விட designation கொஞ்சம் ஜாஸ்தி. பின்னாடி அட்ஜஸ்ட்மென்ட் ப்ராப்ளம் வரும்னு ராஜி feel பண்றா."

தன் முடியோடே ஒத்துப்போக முடியாதவனுக்கு என் பெண் ஜாஸ்தியாம். அந்தக் காபியை அவர் ஸ்வெட்டரில் ஊற்றாமல் விட்டதற்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பெண் பார்க்கிறவர்கள் வேண்டாம் என்றால், நாலு நாள் கழித்து ஒரு மெசேஜ் போட்டுவிட்டு ஒழிந்துபோவார்கள். இங்கே எங்கே ஒழிவது? சுற்றிலும் தண்ணீர். இன்னும் நான்கு டின்னர், அதே மேஜை. மேஜையை மாற்றித் தரச் சொல்லிச் சிப்பந்தியிடம் கேட்டேன். எல்லாம் நிரம்பிவிட்டது என்றான். ஹம்சா கப்பல் ஒத்துக்கொள்ளாமல் படுத்துவிட்டாள். யோசனை சொன்னவளுக்கு வாந்தி, தலையாட்டியவனுக்கு டின்னர்.

வேண்டாம் என்று சொல்லிவிட்ட பிறகு ராஜலக்ஷ்மிக்கு மானஸா மேல் திடீரென்று பாசம் பொங்கியது. பருப்புப்பொடிகூடக் கொடுத்தாள். மானஸா அதைச் சாதத்தில் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, "ஆன்ட்டி ஸ்வீட்பா" என்றாள் என்னிடம்.

ஐந்தாம் நாள் காலை கப்பல் பனிப்பாறைக்கு எதிரே போய் நின்றது. நீல நிறத்தில் ஒரு சுவர் கடலுக்குள் இறங்கியிருந்தது. எல்லோரும் மேல்தளத்தில் கூடியிருந்தோம். மானஸா கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் நின்றேன். இந்தப் பயணத்தில் அந்தப் பத்து நிமிடம்தான் எனக்கு உருப்படியாகக் கிடைத்தது.

அவர்கள் வேண்டாம் என்றதை நான் மகளிடம் சொல்லியிருப்பேன் என்று நினைத்தாளோ என்னவோ, ராஜலக்ஷ்மி வந்து மானஸாவின் கன்னத்தைத் தடவினாள்.

"நீ மனசுல எதுவும் வெச்சுக்காதேம்மா. கிரீஷுக்கு அமையல, அவ்வளவுதான். எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் டல்லாஸ்ல இருக்கான். டிவோர்ஸிதான், ஆனா நல்ல குடும்பம். அப்பாகிட்ட நம்பர் குடுக்கறேன், என்ன?"

மானஸா ஒரு நிமிடம் அவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "Thank you, ஆன்ட்டி" என்றாள்.

ராஜலக்ஷ்மி புண்ணியம் சேர்த்த திருப்தியோடு நகர்ந்தாள். பனிச்சுவரிலிருந்து ஒரு துண்டு உடைந்து கடலில் விழுந்தது. ஆயிரம் பேர் கை தட்டினார்கள். பனி உடைந்தால் கை தட்டுவானேன் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலிலேயே ஆரம்பித்தேன்.

"இதெல்லாம் மனுஷ ஜென்மமா? அந்தப் பையன் ஒரு தண்டம். திமிங்கிலத்துக்கு முதுகைக் காட்டிண்டு நிக்கறான். அப்பன் ஒரு அல்பம். நாலு நாளா அந்த பைனாகுலரை மாட்டிண்டு அலையறார், ஒரு தடவை கண்ணுல வெச்சுப் பார்க்கல. அந்த அம்மா இருக்காளே, உனக்குப் போய் பரிதாபப்படறா! எவ்வளவு திமிர் இருந்தா உன் மூஞ்சிக்கு நேரா..."

இன்னும் நிறைய சொன்னேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது மானஸா சொன்னாள்.

"அவங்க மேல எனக்குக் கோபமே இல்லப்பா. அவங்க எனக்கு எந்தப் promise-உம் பண்ணல."

குரலை உயர்த்தவில்லை. ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்து விட்டுக்கொண்டு, அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கீழே போனாள்.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தூ என்று துப்ப வேண்டும் போலிருந்தது. யார் மேல் துப்புவது என்றுதான் தெரியவில்லை.

"சார்" என்று முதுகைத் தட்டினார் ராமசுப்ரமணியன். ஃபோனை நீட்டினார். "மூணு பேருமா ஒரு போட்டோ எடுத்துத் தரீங்களா? பனிப்பாறை நல்லா விழணும்."

அவர்கள் ஒருவர் தோளை ஒருவர் அணைத்துக்கொண்டு நின்றார்கள். கிரீஷ் முடியைச் சரி செய்துகொண்டான். எடுத்துக் கொடுத்தேன். முதல் படம் கலங்கிவிட்டது என்று இன்னொன்று கேட்டார்கள். அதையும் எடுத்துக் கொடுத்தேன்.