அட்டையில் மூன்றே மூன்று

மூன்றே மூன்று. பூச்சியக்கா பூதக்கண்ணாடியை முந்தானையில் துடைத்துவிட்டு இன்னொரு தரம் எண்ணினாள். அப்போதும் மூன்றுதான். அதிலும் ஒன்று பூச்சியா, தார்ப் பிசுக்கா என்று அடித்துச் சொல்ல முடியாது.

அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது வருகைப் பதிவேட்டில் தூங்கிக்கொண்டிருந்தது; பஸ் டிப்போவில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. வனவிலங்கு அலுவலகம் அவளை இங்கே அனுப்பி இரண்டு வருடமாகிறது. வேலை இதுதான்: சதுப்பு ரோட்டில் போய்வரும் பஸ்ஸின் முன்பக்கம், நம்பர் பலகைக்கு மேலே, கட்டம் போட்ட வெள்ளை அட்டை ஒன்றை மாட்ட வேண்டும். மாலை நாலு மணிக்கு பஸ் திரும்பியதும் அதைக் கழற்றி, மோதிச் செத்த பூச்சிகளை எண்ணி எழுத வேண்டும். படித்த பொம்பளைக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று சிரிக்காத ஆள் டிப்போவில் கிடையாது. டிரைவர்களில் ஒருத்தர்கூட அந்த அட்டையைத் தன் பஸ்ஸில் மாட்ட விடவில்லை. கடைசியில் கூடப்பிறந்த அண்ணன்தான் கை கொடுத்தார்.

அண்ணனுக்கு டிப்போவில் பேர் பளபளா. அவர் பஸ் கண்ணாடியைப் பார்த்து மீசை முறுக்கலாம், தலை வாரலாம். எவ்வளவு தூசியில் ஓட்டிவிட்டு வந்தாலும் வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரிதான் உள்ளே நுழையும். தங்கைக்கு நாற்பத்திரண்டு வயது ஆன பிறகும் அவர் வாயில் அவள் பாப்பாதான்.

"என்ன பாப்பா, இன்னைக்கு எவ்வளவு?"

"மூணு."

"ம்" என்றார். வழக்கமாக அதற்கு ஒரு கிண்டல் வரும். அன்றைக்கு வாளியை எடுத்துக்கொண்டு பேசாமல் குழாயடிக்குப் போய்விட்டார்.

முதல் வாரம் தினமும் நானூறைத் தாண்டியது. குனிந்து குனிந்து எண்ணி அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டு, பட்டை போட வேண்டியதாயிற்று. அப்புறம் திடீரென்று நூற்றைம்பதுக்கு இறங்கியது. பிறகு நூறு, அறுபது, இருபது. கடைசி ஒன்றரை மாதமாக ஐந்தைத் தாண்டவே இல்லை.

எண்ணிக்கை பொய் சொன்னாலும் தலைக்கு மேலே இருப்பது பொய் சொல்லாது. டிப்போவின் தகரக் கூரைக்கு அடியில், இரும்பு உத்திரங்களில், தகைவிலான் குருவிகளின் மண்கூடுகள் பதினாறு இருந்தன. பறந்துகொண்டே பூச்சி பிடித்துத் தின்னும் குருவி அது; வால் கத்தரிக்கோல் மாதிரி பிளந்திருக்கும். போன வருடம் இதே மாதத்தில் குஞ்சுகள் போட்ட கூச்சலில் மைக்கில் பேசுவது கேட்கவில்லை என்று டைம்கீப்பர் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். இந்த வருடம் அவருக்குப் புகார் எழுத ஒன்றும் இல்லை. மைக் தெளிவாகக் கேட்டது.

உத்திரத்துக்கு நேர் கீழே ஒரு குஞ்சு விழுந்து கிடந்தது. இறகு முளைக்கவில்லை, கண் திறக்கவில்லை. ஏழு நாளில் அது ஐந்தாவது. கையில் எடுத்தால் வெறும் காகிதக் கனம். வயிறு முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. ஒரு கொசுகூட உள்ளே போன அடையாளம் இல்லை.

அன்று திங்கள். புதன்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம். குஞ்சு வளரும் ஆறு வாரமும் லாரிகளைச் சுற்றுவழியில் திருப்பிவிட்டு, மற்ற வண்டிகளை நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓடச் சொல்வதா, இல்லை ரோட்டுத்துறைக்காரர்கள் கேட்கிறபடி சதுப்பு ரோட்டை நாலு வழியாக அகலப்படுத்துவதா என்பது அன்றைக்கு முடிவாகும். அலுவலகத்தின் கையில் இருந்த ஒரே ஆயுதம் அவளுடைய நோட்டுதான். அவளுடைய மேலதிகாரி மேடம் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்: "அவங்க துருவித் துருவிக் கேப்பாங்க. உன் கணக்குல ஒரு ஊசி நுழையற ஓட்டைகூட இருக்கக் கூடாது."

நோட்டை மூடும்போது கண்டக்டர் வந்தார். அண்ணனோடு அதே பஸ்ஸில் ஓடியவர். மாடிப்படியில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டு இரண்டு மாதமாக வீட்டில் கிடந்தார். மறுநாள் வேலையில் சேரக் கடிதம் கொடுப்பதற்காக நொண்டிக்கொண்டு வந்திருந்தார்.

"என்ன பூச்சியக்கா, பிணம் எண்ணியாச்சா?"

"எண்ண என்ன இருக்கு? மூணுதான்."

கண்டக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "எப்படி இருக்கும்? ரயில்வே கேட்டுல வண்டி நின்னதும் உங்கண்ணன்தான் ஈரத்துணியோட இறங்கிடுவாரே! கண்ணாடி, லைட்டு, உங்க அட்டை, எல்லாத்துக்கும் ஒரே தேய்ப்பு. நான்தான் தெனமும் தண்ணி ஊத்துவேன். உங்களுக்குத் தெரியாதா?"

அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று புரிந்து, "சரிக்கா, டைம்கீப்பரைப் பார்க்கணும்" என்று நழுவிவிட்டார்.

பூச்சியக்கா பேயறைந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருடம்! வெயிலில், மழையில், ஊரெல்லாம் சிரிக்கச் சிரிக்க எண்ணிய எண்ணிக்கை. அத்தனையும் ஒரு கந்தல் துணியில் போயிற்று. வேறு யாராவது செய்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பாள். செய்தது அண்ணன். குழாயடியில் அவர் வாளியைக் கவிழ்த்துவிட்டு இவளைப் பார்த்துக் கையாட்டினார். இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தக் குடும்பத்துக் கோபம் அப்படிப்பட்டது. கத்தாது, பாத்திரத்தைப் போட்டு உடைக்காது, வாயை மூடிக்கொள்ளும். இவர்கள் அப்பா ஓர் ஏணிக்காகத் தன் தம்பியோடு மூன்று வருடம் பேசாமல் இருந்தவர். பூச்சியக்காவுக்கு அந்தச் சொத்து பங்கு குறையாமல் வந்திருந்தது. கீழ்வீட்டில் அண்ணன் குடும்பம், மாடியில் இவள். சாப்பாடு எப்போதும் கீழேதான். செவ்வாய்க்கிழமை பூராவும் அவள் படி இறங்கவில்லை. அண்ணி கதவைத் தட்டி, "அவரு தட்டு முன்னாடி உக்காந்துக்கிட்டு, பாப்பா ஏன் வரலைன்னு நூறு தடவை கேட்டுட்டாரு. உங்க ரெண்டு பேருக்கும் என்னதான் சண்டை?" என்றாள்.

"அவரையே கேளுங்க அண்ணி."

"அவருக்குத் தெரிஞ்சா உன்னை ஏன் கேக்கறேன்?"

கதவு சாத்திக்கொண்டது.

கோபத்துக்கு நடுவே ஒரு நிம்மதியும் எட்டிப் பார்த்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அப்படியானால் பூச்சிகள் ஒழிந்துபோகவில்லை, துணிதான் அவற்றை ஒழித்திருக்கிறது. சதுப்பில் எல்லாம் பழையபடியே பறந்துகொண்டிருக்கும். அப்புறம் ஏன் குஞ்சுகள் பட்டினியில் விழுகின்றன? அந்தக் கேள்வி மண்டையில் வந்து உட்கார்ந்தது. ஏதாவது நோயாக இருக்கும் என்று அதை விரட்டிவிட்டாள்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கே மேடத்தின் மேஜைமுன் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மேடம் பேனாவை மூடி வைத்தார்.

"உங்க அண்ணன்கிட்ட கேட்டியா?"

"கேக்க என்ன இருக்கு மேடம்? கூட ஓடுன கண்டக்டரே கண்ணால பார்த்திருக்காரு. பொய்க் கணக்கை வச்சுக்கிட்டு நான் கூட்டத்துல உக்கார மாட்டேன்."

"ஒரு தடவை கேட்டுடேன். இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு."

"வேண்டாம் மேடம்."

நேர்மையாக நடந்துகொண்டோம் என்கிற திமிர் அப்போது அவளுக்கு இருந்தது. ஒரு காகிதத்தில், இரண்டு வருட எண்ணிக்கையும் நம்பத் தகுந்ததல்ல என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கூட்டம் இருபது நிமிடம்கூட நடக்கவில்லை. ரோட்டுத்துறைக்காரர் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு, "ரொம்ப நல்ல மனசும்மா உங்களுக்கு" என்று சொல்லி, நாலு வழி ரோட்டுக்கான கோப்பை மேடத்தின் பக்கம் தள்ளினார். மேடம் கையெழுத்துப் போடும்போது பூச்சியக்காவைப் பார்க்கவில்லை.

நாலு மணிக்கு பஸ் வந்தது. அண்ணன் இறங்கியதும் அவள் நேராக எதிரே போய் நின்றாள். இரண்டு நாள் மூடியிருந்த வாய் திறந்துகொண்டது.

"திருப்தியா? ரெண்டு வருஷ உழைப்பை ஒரு கந்தத் துணியால துடைச்சுட்டியே, நீயெல்லாம் ஒரு அண்ணனா?"

பளபளா திருதிருவென்று முழித்தார். பிறகு தலையைச் சொறிந்தார். "கண்டக்டர் உளறிட்டானா? உன் கழுத்துக்காகத்தான் பாப்பா. மொத வாரம் நானூறு நானூறா எண்ணிட்டு, கழுத்துல பட்டையைப் போட்டுக்கிட்டுத் திரும்ப முடியாம உக்காந்திருந்தியே. பாதியைத் துடைச்சு விட்டா உனக்குப் பாதி வேலைதானேன்னு நெனச்சேன். அந்த எண்ணிக்கைதான் உன் வேலைன்னு என் மரமண்டைக்கு உறைக்கலை."

"இப்ப உறைச்சு என்ன பிரயோஜனம்?"

"ஆனா நான் துடைக்கறதை விட்டு ஒன்றரை மாசம் ஆச்சே."

"என்ன?"

"துடைக்க என்ன இருக்கு? துணி காஞ்சே கிடக்குது. நீ நூறுன்னு எழுதுனப்பதான் பொய். அப்ப முந்நூறாவது இருந்திருக்கும். இப்ப நீ எழுதற மூணும் அஞ்சும் அப்படியே நெஜம். ஆளு இல்லாத வீட்டுக்குள்ள போற மாதிரி இருக்கு பாப்பா அந்த ரோடு. எனக்கே பயமா இருக்கு."

நோட்டு கையிலிருந்து விழுந்தது. முந்நூறு மூன்றாகியிருக்கிறது; அவள் எழுதியதைவிடச் சரிவு மோசமாக இருந்திருக்கிறது. அதைத்தான் காலையில் தன் கையாலேயே பொய் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"இதை ஏன்ணா எங்கிட்ட சொல்லலை?"

"நீ எங்க கேட்டே? ரெண்டு நாளா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தியே."

அவள் மேடத்துக்குப் போன் செய்தாள். மேடம் முழுதும் கேட்டார். "கோப்பு போயிடுச்சும்மா. நம்ப முடியாதுன்னு நீயே எழுதிக் குடுத்த கணக்கை, சாயங்காலம் நம்புங்கன்னு சொன்னா எவன் நம்புவான்?" கோபமே இல்லாத குரல் அது. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது பூச்சியக்காவுக்கு.

அவள் படிக்கட்டில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அண்ணன் பக்கத்தில் நின்று தவித்தார். அப்புறம் ஏதோ முடிவு செய்தவராக, டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து வந்தார்.

"எதையும் மறைக்கலைன்னு ஆகட்டும். பூச்சியைத் துடைக்கறதைத்தான் விட்டேன். இதுகளை மட்டும் தெனமும் எடுத்துப் போட்டுட்டுதான் இருந்தேன். நீ பார்த்தா தாங்க மாட்டியேன்னு."

பைக்குள் இரண்டு தகைவிலான்கள். ஒன்றின் வால் முறிந்திருந்தது. இன்னொன்றின் அலகில் நசுங்கிய ஈ ஒன்று இன்னும் அப்படியே இருந்தது.

"மேல பறக்கறதுல ஒண்ணும் கிடைக்கறதில்லை போல. ரோட்டுல அடிபட்டுக் கிடக்கற ஒண்ணு ரெண்டு பூச்சியைப் பொறுக்கறதுக்கு இறங்குதுங்க. குஞ்சு வீட்டுல கத்துமில்ல? வண்டி வர்றதுக்குள்ள எழும்ப முடியலை. இந்த மாசத்துல மட்டும் இருபத்தி ரெண்டு."

அவள் தலையைத் தூக்கி உத்திரங்களைப் பார்த்தாள். பதினாறு கூடுகள். ஒரு கூட்டில் மட்டும் இரண்டு வாய்கள் திறந்திருந்தன. சத்தம் வரவில்லை.

மைக்கில் டைம்கீப்பர் ஐந்து மணி சதுப்பு ரோட்டு பஸ்ஸை அழைத்தார். ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. ஜனங்கள் முண்டியடித்து ஏறினார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு புது அட்டையை எடுத்துப் போய் நம்பர் பலகைக்கு மேலே மாட்டினாள். இனி அதை யாரும் கேட்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஜன்னல் வழியாக அண்ணன் குனிந்து பார்த்தார்.

"மெதுவா ஓட்டுண்ணா."

"நான் ஓட்டிடுவேன் பாப்பா. பின்னாடி வர்ற லாரிக்காரன் விடணுமே" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியைக் கிளப்பினார்.