எட்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர்

...லண்டன் எட்டாயிரத்து இருநூறு கிலோமீட்டராம், அப்படியென்றால் எத்தனை சேலம் தூரம், மலைமேல் இந்தத் தலைச்சோலையிலிருந்து சேலத்துக்குப் போகவே பஸ்ஸில் இரண்டு மணி நேரம், இருபது கொண்டை ஊசி வளைவிலும் குடல் வாய்க்கு வந்துவிடும், ஆனால் மகள் புவனா இன்று காலை ஆறு மணிக்குச் சென்னையில் விமானம் ஏறினால் பதினோரு மணி நேரத்தில் லண்டனாம், நடுவில் எங்கேயும் நிற்காதாம்... பொன்னாயி காப்பிக் கிளையை வளைத்துப் பழுத்ததை மட்டும் உருவி இடுப்புச் சாக்கில் போட்டாள், கை தன்பாட்டுக்கு வேலை செய்தது, அண்ணாந்தால் சில்வர் ஓக் இலைகளுக்கு நடுவே ஒரு துண்டு வானம், அதில் ஒன்றுமில்லை, இந்நேரம் எந்தக் கடலுக்கு மேல் இருப்பாள்? நர்ஸ் வேலை, பெரிய ஆஸ்பத்திரி, எஸ்டேட்டே பெருமையாகப் பேசுகிறது, பெற்றவள் மட்டும் முந்தாநாள், "நீ போனீன்னா எனக்கு மகளே இல்லைன்னு நெனச்சுக்கறேன்" என்று சொன்னாள்... கோபமா அது, பயம்தானே? நேற்று புவனா பெட்டியோடு பஸ் ஏறியபோது இவள் வாசலுக்குக்கூட வரவில்லை, ஹாரன் சத்தம் வளைவு வளைவாகத் தேய்ந்து போனதை அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்...

பதினோரு மணி டீயின்போது எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் கோவிந்தராஜ் போனை நீட்டினார், "பாருங்கக்கா, இதான் புவனா போற பிளைட்டு." போனில் தெரிந்த வரைபடத்தில் கடல் நீலத்தைத் தாண்டி மண் நிறத்தின் மேல் எறும்பளவு மஞ்சள் விமானம், அது அசையவில்லை, "ஏனுங்க, நின்னு போச்சுங்களா?" அவர் சிரித்தார், "நிக்கலைங்கக்கா, மணிக்கு எண்ணூறு கிலோமீட்டரு போகுது, தூரம் நொம்ப, அதான் நின்னாப்பல தெரியுது." ஏறி ஐந்து மணி நேரம்... ஐந்து மணி நேரம் என்றால் பொன்னாயிக்குத் தெரியும், மூன்று வயதில் புவனாவுக்குக் காய்ச்சல் கொதித்த அன்று, பஸ் வராத அன்று, மலைமேல் கொட்டச்சேட்டிலிருந்து அடிவாரத்துக் குப்பனூர் வரைக்கும் தோளில் போட்டு இறங்கினாளே, மழையில், அன்றைக்கும் ஐந்து மணி நேரம்தான், கால் ரத்தம் கட்டிப்போனது, அதே பிள்ளை இன்று அதே நேரத்துக்குள் ஒரு கடலைத் தாண்டிவிட்டாள், கால் தரையில் படாமல், உட்கார்ந்தபடி... இது எப்படி? மனுசர் செய்ததா இது? யாரிடம் கேட்பது, கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் உடம்பெல்லாம் சிலிர்க்கிறதே, நான் பெற்ற உடம்பு அது, மேகத்துக்கு மேலே...

மாலை பழத்தை எடை போட நிற்கும்போது மணி ஐந்தேகால், இறங்கியிருப்பாளா, கூப்பிடுவாளா, மகளே இல்லை என்றவளை எதற்குக் கூப்பிட வேண்டும், பகலே முடிந்துவிட்டது, வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது... போன் அடித்தது. "அம்மா, எறங்கிட்டேன்மா," குரல் பக்கத்துச் செடியிலிருந்து பேசுவதுபோல் இருந்தது, அவ்வளவு தூரத்தைத் தாண்டிவர இந்தக் குரலுக்கு எத்தனை நொடி? சொல்ல நினைத்தது வேறு, "அங்க இருட்டிப் போச்சா கண்ணு?" என்றுதான் வந்தது. "இல்லம்மா, இங்க இன்னும் பன்னெண்டுகூட ஆகல, இப்பத்தான் வெயில் வருது." பன்னிரண்டு ஆகவில்லையா... ஒரு பகல் முழுக்கப் பறித்து முடித்தாயிற்று, அவளுக்கு அதே பகலில் பாதிக்கு மேல் மிச்சமிருக்கிறதா? "அம்மா, இருக்கியா?" பொன்னாயி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள், அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல நேரம் தாண்டிப் போய்விட்டது என்றல்லவா நினைத்திருந்தேன், அவள் இருக்கும் இடத்தில் இன்னும் தாண்டவில்லை போலிருக்கிறதே...