சுத்தமான குரல்

என் கணவருக்கு 'க' வராது. வராது என்பதைவிட, வரத் தாமதமாகும் என்று சொல்ல வேண்டும். முதலில் ஒரு மூச்சை இழுப்பார். தாடை லேசாக ஒரு பக்கம் கோணும். பிறகு "க்... க்..." என்று தட்டித் தட்டி, கடைசியில் கதவு திறந்துகொள்ளும். அப்படியிருந்தும் என்னை அவர் கூப்பிட்டது 'கண்ணு' என்றுதான். வேறு எழுத்தில் தொடங்கும் செல்லப்பெயர் எத்தனையோ இருக்கிறது. மாற்றிக்கொள்ளவில்லை. அந்த மூச்சு கேட்டதுமே சமையலறையிலிருந்து நான் "என்ன?" என்று கேட்டுவிடுவேன். சொல்லி முடிக்கும்வரை இரு என்று கையைக் காட்டுவார்.

இப்படிப்பட்ட மனிதர்தான் மாதம் ஒரு சனிக்கிழமை, கம்ப்யூட்டர் வேலை செய்கிறவர்களைக் கூட்டி மீட்டப் என்று ஒரு பேச்சுக் கூட்டம் நடத்தினார். பேசுவது மற்றவர்கள். அவருடைய வேலை பேச்சுக்கு முன்னாலும் பின்னாலும். ஏதாவது ஒரு கம்பெனியின் சாப்பாட்டுக் கூடத்தைக் கெஞ்சி வாங்குவார். எந்த லேப்டாப்புக்கும் ஏதாவது ஒரு ஒயர் பொருந்தட்டும் என்று ஒரு பை நிறையச் சுமப்பார். கேள்வி கேட்கிறவரிடம் மைக்கோடு ஓடுவார். வருகிறேன் என்றவர்களில் பாதிப் பேர்தான் வருவார்கள் என்பதால் பாதிப் பேருக்கே பிஸ்கட் வாங்குவார். எல்லாம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிவிட்டு வந்து, வீடியோவை வெட்டி ஒட்டி இணையத்தில் ஏற்றுவார். ஏற்றியதும் மூலப் பதிவை அழித்துவிடுவார். அடுத்த மாதத்துக்கு டிஸ்கில் இடம் வேண்டும்.

ஒரே ஒரு தடவை அவரே பேசினார். பேச இருந்தவர் வரவில்லை. மீட்டப் நடத்துவது எப்படி என்று இவர் மைக்கைப் பிடித்தார். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். 'கூட்டம்' என்ற சொல்லில் முட்டிக்கொண்டு நின்றார்.

"இருங்கப்பா, லோடு ஆகுது" என்றான் ஒருவன்.

"நெட் ஸ்லோ போல."

"பஃபரிங், பஃபரிங்."

கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கடைசிவரை பேசி முடித்தார். அன்றிலிருந்து எல்லோருக்கும் அவர் பஃபர் அண்ணன். அடுத்த மாதம் தன் கழுத்து அட்டையில் அவரே அப்படி எழுதி மாட்டிக்கொண்டு போனார். அந்தப் பதிவை மட்டும் அவர் ஏற்றவுமில்லை, அழிக்கவுமில்லை.

காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வீட்டில் அவருடைய ஃபோட்டோக்கள் நிறைய இருந்தன. குரல் இல்லை. ஃபோனில் பேசக் கூசி, 'பால் வாங்கவா' என்பதைக்கூட எழுதி அனுப்பியவர். எனக்குத் தெரிந்து அவர் குரல் அந்த ஒரு பதிவில்தான் இருந்தது. டிஸ்க், அவரோடு சேர்ந்து மீட்டப் நடத்திய, தாடி என்று எல்லோரும் கூப்பிடும் பையனிடம் இருந்தது. தாடியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"கவலையே படாதீங்க அண்ணி. இந்த மாச மீட்டப்பே பஃபர் அண்ணனுக்குத்தான். அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. அசந்துடுவீங்க."

என் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போனேன். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். விளக்கை அணைத்தார்கள். திரையில் அவர் படம் வந்தது. பிறகு அவர் குரல்.

"வணக்கம். கூட்டத்துக்கு வந்த எல்லாருக்கும் நன்றி. கவலைப்படாதீங்க, கூடவேதான் இருக்கேன்."

குரல் அவருடையதுதான். ஆனால் ஒரு 'க'விலும் முட்டவில்லை. எண்ணெய் போட்ட கதவு மாதிரி எல்லாம் திறந்தது. லோடு ஆகுது என்று சொன்னவன்தான் முதலில் எழுந்து கைதட்டினான்.

அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பேசிட்டான்டி. என் பிள்ளை பேசிட்டான்." சின்ன வயதில் அவர் திக்கும்போதெல்லாம் தொடையில் கிள்ளித் திருத்தப் பார்த்தவர் அத்தை.

டீ மெஷின் பக்கம் தாடியைப் பிடித்தேன்.

"நல்லா வந்திருக்கா அண்ணி? ஒருத்தர் குரல கம்ப்யூட்டரே கத்துக்கிட்டு அதே குரல்ல பேசுற புரோகிராம். நாம எழுதிக் கொடுத்தா அவர் பேசுவார்."

"நான் கேட்டது அவர் பேசின வீடியோ."

"அதுலேருந்துதான் எடுத்தேன். அப்படியே கொடுத்தா அதுவும் திக்கும். திக்கல், மூச்சு, சிரிப்பு எல்லாத்தையும் வெட்டி சுத்தம் பண்ணித்தான் கொடுக்கணும். ராத்திரி பகலா உக்காந்து பண்ணினேன்."

"வெட்டினது எங்க?"

"அது குப்பைதானே அண்ணி."

"டிஸ்க்?"

"இன்னைக்கு ரெக்கார்டிங்குக்கு இடம் வேணும்னு காலையில அழிச்சோம். அண்ணன் பழக்கிவிட்டதுதானே." அவன் கண் கலங்கியிருந்தது. "ஒரு பைசா வேண்டாம் அண்ணி. அவருக்காகப் பண்ணினது."

நன்றி சொன்னேன்.

இப்போது அத்தையின் ஃபோனில் தினமும் அந்தக் குரல் வருகிறது. தாடி அனுப்புகிறான். "அம்மா, மாத்திரை போட்டியா?" என்று கேட்கிறது. அத்தை போட்டுக்கொள்கிறார். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் கேட்க வைக்கிறார்.

"இந்த வாய் அப்பவே இருந்திருந்தா, என் பிள்ளைக்கு எங்கெங்க இருந்தெல்லாம் பொண்ணு வந்திருக்கும்" என்றார் ஒரு நாள், அரிசி தீர்ந்துவிட்டது என்கிற மாதிரி, என்னிடமே.

நேற்று நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அத்தை வந்தார்.

"எங்கிட்டயே பேசிக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கு? உனக்கும் ஒண்ணு போடச் சொன்னேன். நீ என்ன பேருல கூப்பிட்டா திரும்புவேன்னு எனக்குத் தெரியாதா. இந்தா."

ஃபோனை என் காதருகே பிடித்தார். நான் அந்த மூச்சுக்காகக் காத்திருந்தேன்.

"கண்ணு, சாப்பிட்டியா?"

அதற்குள் அந்தக் குரல் கேட்டு முடித்துவிட்டது. அத்தை மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதே வேகம்.

"கல்லு மாதிரி நிக்கிறியே. புருஷன் கேக்குறான்ல, பதில் சொல்லு."

"சாப்பிட்டேன்" என்றேன்.