பவளத்தின் வலது முன்னங்கால்

ஃபெமினா வரைந்த குதிரைகள் எல்லாம் முட்டியளவு புல்லுக்குள் நின்றன. அன்னவாசல் வெயிலில் அவ்வளவு புல் எப்படி முளைத்தது என்று யாரும் கேட்டதில்லை. அவளும் வாயைத் திறந்ததில்லை. அவளுக்குக் குதிரையின் கால் வராது. விஷயம் அவ்வளவுதான்.

மற்றபடி கைகாரி. கடைவீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். கல்யாண ஜோடி, காலமான பெரியவர், சர்ச்சில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கிய பிள்ளை என்று போனில் வரும் படங்களைப் பார்த்துப் பென்சிலால் அச்சு அசலாக வரைந்து கொடுப்பாள். மனிதர்கள் பிழைப்புக்கு, குதிரைகள் ஆசைக்கு. சின்ன வயதில் ஒரு சர்ச் திருவிழாச் சப்பரத்தில் பார்த்த சந்தியாகப்பரின் வெள்ளைக் குதிரையில் ஆரம்பித்த பைத்தியம் அது. அந்தச் சுரூபத்துக்குக் கால்கள் தூண் மாதிரி இருக்கும். ஐயனார் கோயில் மண்குதிரைகளுக்கும் அப்படித்தான். அவற்றைப் பார்த்தே கை பழகியவளுக்கு, உயிருள்ள குதிரை அப்படி நிற்பதில்லை என்று தெரிந்தபோது புல்லை விட்டால் வேறு வழி தெரியவில்லை.

அந்தப் புல்லுக்கு வேட்டு வைத்தவர் சிவசாமி. வண்டியில் குதிரை பூட்டி ஓட்டும் எல்கைப் பந்தயங்களில் சுற்று வட்டாரமே அறிந்த ஆள். பவளம் என்ற செவலைப் பெட்டைக் குதிரை அவருக்கு உயிர். வருகிற ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்கு ஃப்ளெக்ஸ் வைக்க வேண்டும், போட்டோ எல்லாரும்தான் போடுகிறார்கள், தனக்குக் கையால் வரைந்த படம்தான் வேண்டும் என்று வந்து நின்றார். ஒரே நிபந்தனை, குளம்பு வரைக்கும் தெரிய வேண்டும். தன் குதிரை தார் ரோட்டில் ஓடுவது, அதற்குப் புல் எதற்கு என்று கேட்டார்.

மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாலும் ஃபெமினா ஒத்துக்கொண்டாள். காலையில் கடை திறப்பதற்கு முன்பு சிவசாமியின் கொட்டகைக்குப் போய், எதிரே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். தீனி வைத்துவிட்டு அவர் வயலுக்குப் போயிருப்பார். குதிரை என்ன போட்டோவா, சொன்னபடி நிற்க? காதைப் பிடித்தால் வாலை ஆட்டும், கழுத்தை முடித்தால் தலையைத் திருப்பிக்கொள்ளும். ஆனாலும் என்ன அழகு அது! பிடரியில் தொடங்கி முதுகு வழியாக வால் வரை ஒரே இழுப்பில் கோடு வந்து விழுந்த காலையில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மினுங்குகிற தோலுக்குப் பென்சிலே வேண்டாம், காகிதத்தைச் சும்மா விட்டாலே போதும் என்பதையும் அங்கேதான் கண்டுபிடித்தாள்.

கால்தான் அவளைப் படுத்தியது. அழித்து அழித்துத் தாள் நைந்து போக, புதுத் தாள் எடுத்தாள். கடைசியில் தனக்குத் தெரிந்த காலை மறந்துவிட்டு, கண்ணுக்கு எதிரே இருக்கிற காலை மட்டும் வரைந்தாள். வந்துவிட்டது. நாலு காலும் நிஜக் கால். பூரிப்பில் அன்றைக்குக் கடையையே தாமதமாகத்தான் திறந்தாள்.

கடைக்கு வந்து படத்தைப் பார்த்த சிவசாமியின் முகம் முதலில் மலர்ந்தது. கண் கீழே இறங்கியதும் சுருங்கிவிட்டது. வலது முன்னங்கால் மட்டும் ஒரு சாண் முன்னால் நீண்டு, குளம்பின் பின்பக்கம் தரையில் பட்டும் படாமலும் இருந்தது.

"பின்னங்காலைச் சாய்ச்சு நின்னா ஓய்வுங்க. முன்னங்காலை இப்புடி நீட்டுனா அது நொண்டிக் குதிரை. எம் பவளத்த நொண்டியாக்கிட்டீங்களே தங்கச்சி."

சாயங்காலம் ஃப்ளெக்ஸ் கடைக்குக் கொடுத்தாக வேண்டும், இரண்டு கோட்டை அழித்து நேராக்கிவிடுங்கள் என்றார். ஃபெமினா ரப்பரை எடுத்தாள். கை போகவில்லை. வாழ்நாளில் முதல் முறையாக ஒழுங்காக வந்த கால் அது. பார்த்ததைத்தான் வரைந்தேன் என்றாள். நேரில் போய்ப் பார்த்துவிடுவோம் என்று அவர் பைக்கை எடுத்தார். அவள் ஸ்கூட்டியில் பின்னாலேயே போனாள்.

சிவசாமியைக் கண்டதும் பவளம் காதை விறைத்து, கழுத்தை நிமிர்த்தி, நாலு காலையும் ஊன்றி நின்றது. குறை சொல்ல முடியாத நிற்பு. பார்த்துக்கொள்ளுங்கள் என்பது போல அவர் கையை விரித்தார். ஃபெமினாவுக்கு அவமானமாக இருந்தது. இத்தனை நாளும் கண் நம்மை ஏமாற்றிவிட்டதா என்று தாளைப் பார்த்தாள். குளம்புக்கும் தரைக்கும் நடுவே மெல்லிய நிழல் ஒன்று போட்டிருந்தாள். இல்லாத நிழலைப் போடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"அண்ணே, கொஞ்ச நேரம் அங்கிட்டு வைக்கப்போருக்குப் பின்னால நில்லுங்க. நா எப்பவும் போல ஒக்காந்து வரையுறேன்."

என்னத்துக்கு என்று முனகிக்கொண்டே போனார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, அட்டையை மடியில் வைத்துக் கோடு கிழித்தாள். பவளத்தின் காதுகள் தளர்ந்தன. தலை தாழ்ந்தது. பிறகு வலது முன்னங்கால் மெதுவாக முன்னே நகர்ந்து, வலிக்குமோ என்று பார்க்கிற மாதிரி நுனியை மட்டும் தரையில் வைத்தது.

போருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தவர் அதைக் கண்டார். கொஞ்சம் கழித்துச் சிவசாமி வெளியே வந்தார். அவர் செருப்புச் சத்தம் கேட்டதுமே அந்தக் கால் உள்ளே வந்தது. காதுகள் நிமிர்ந்தன. பழையபடி கம்பீரமாக நின்றது குதிரை. அவர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

மாட்டு டாக்டர் வந்து குளம்பைச் சீவிப் பார்த்தார். லாடத்துக்கு அடியில் சீழ் கோத்திருந்தது. சீழை எடுத்துக் கட்டுப் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஓட்டியிருந்தால் கால் போயிருக்கும் என்றார். சிவசாமி பந்தயத்தை விட்டுவிட்டார். ஃப்ளெக்ஸைப் பற்றி அப்புறம் அவர் பேச்சே எடுக்கவில்லை.

கட்டுப் பிரித்த மறுநாள் ஜெராக்ஸ் கடை வாசலில் வந்து நின்றார். இன்னொரு படம் வேண்டுமா என்று ஃபெமினா கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆறிருச்சான்னு பாக்கணும். நீங்கதான் வரணும் தங்கச்சி. நா போனா அது நேராத்தான் நிக்கும்."